விஜயதசமி நாளில் போட்ட சரிக்குறி

இதை எழுதலாமா வேண்டாமா என்று இருபது வருஷத்துக்கு மேல் தள்ளிப்போட்டு வந்திருக்கிறேன். ஒரு தடவை புது நோட்டு வாங்கி, முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழியும் போட்டேன். அதற்குக் கீழே ஒரு வரியும் ஓடவில்லை. கடைசியில் அந்த நோட்டை என் மகள் கோலம் பழக எடுத்துக்கொண்டாள். படித்தவர்கள் வாசித்தால், அணுவைப் பற்றி எழுத இவன் யார் என்பார்கள். பக்தியுள்ளவர்கள் வாசித்தால், இவ்வளவு நடந்தும் இவனுக்குத் தெளிவு வரவில்லையே என்பார்கள். தயக்கத்துக்கு வேறொரு காரணமும் உண்டு. அது போகப்போகத் தெரியும்.

நான் படித்தது காரைக்காலில் பிரெஞ்சுப் பள்ளியில், செர்த்திஃபிகா என்கிற ஆரம்பப் பரீட்சை வரைக்கும். அதற்குமேல் வீட்டில் தோதுப்படவில்லை. நிலம் அளக்கும் இலாகாவில் சங்கிலி பிடிக்கச் சேர்ந்தேன். கையெழுத்து நன்றாயிருக்கிறது என்று பிறகு வரைபடம் பிரதி எடுக்க உட்கார வைத்தார்கள். பிரெஞ்சுக் கொடி இறங்கி நம் கொடி ஏறிய பிறகும் எனக்கு அதே நாற்காலி, அதே மைக்கூடு.

எங்கள் வேலையில் ஒரு கட்டுப்பாடு உண்டு. நெரவியிலோ வரிச்சிக்குடியிலோ ஒரு வயலை அளந்தால், இந்த வரப்பிலிருந்து ஒரு முறை, அந்த வரப்பிலிருந்து ஒரு முறை அளக்க வேண்டும். இரண்டும் ஒத்தால்தான் தாளில் ஏறும். ஒத்தது என்பதற்கு அடையாளமாக ஓரத்தில் ஒரு சரிக்குறி போடுவோம். அந்தக் குறியை நம்பித்தான் பின்னால் அண்ணனும் தம்பியும் பாகம் பிரித்து வரப்பு வெட்டுவார்கள். அளக்காமல் குறி போட்டவன் என்று பெயர் எடுத்தவனோடு எங்கள் ஆபீசில் யாரும் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

கொடி மாறி இரண்டு மூன்று வருஷம் இருக்கும். ஆனி மாதத்தில் என் மனைவியின் தம்பி மஞ்சள்காமாலையோடு எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். பட்டணத்தில் ஆராய்ச்சி மாணவர். தகப்பனார் இல்லாத பிள்ளை. அக்காள் வீடுதான் அவருக்குத் தாய்வீடு. கூடவே ஒரு டிரங்குப் பெட்டி நிறையக் காகிதமும், கம்பளியில் சுற்றிய ஓர் இரும்புச் சாமானும் வந்தன. கம்பளியைப் பிரித்தால் தையல் எந்திரத்தைக் குட்டையாக்கினது போல ஒன்று. மேலே வரிசையாக நெம்புகோல்கள், கீழே எண்கள் தெரிகிற சின்னச் சின்ன ஜன்னல்கள், பக்கத்தில் ஒரு கைப்பிடி. முன்பக்கம் சுற்றினால் கூட்டும், பின்பக்கம் சுற்றினால் கழிக்கும். அவருடைய பேராசிரியர் இரவலாகக் கொடுத்தனுப்பியது. கார்த்திகை முடிவதற்குள் இரண்டு கணக்குகளை முடித்துக் காட்ட வேண்டும். முடியாவிட்டால் அவர் இடமும் அந்த எந்திரமும் அடுத்து நிற்கிற மாணவருக்குப் போய்விடும்.

வைத்தியர் மூன்று மாதம் படுக்கையை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்றார். என் மனைவிக்கு அதில் உள்ளூரச் சந்தோஷம் என்றே நினைக்கிறேன். மாயவரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை காலியாக இருந்தது. "விட்டுட்டு வாயேன்டா. மணியடிச்சா வீடு, நேரத்துக்குச் சோறு" என்று கஞ்சி ஊற்றும்போதெல்லாம் சொல்லுவாள். அவர் கண்ணை மூடிக்கொள்வார். அந்த மஞ்சள் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு நாள் நானாகவே கேட்டேன், எந்திரத்தைச் சுற்றுகிற வேலையை நான் செய்தால் ஆகாதா என்று.

இப்படித்தான் அணுவுக்குள் நான் போய் மாட்டிக்கொண்டது.

காலையில் ஆபீசுக்கு முன் இரண்டு மணி நேரம், சாயங்காலம் விளக்கு வைக்கும் வரை. அவர் கட்டிலில் படுத்தபடி சொல்லுவார், நான் தரையில் சுற்றுவேன். எனக்கு எண்கள் பிரெஞ்சில்தான் வாயில் வரும். வாய்ப்பாடு அப்படி ஏறிவிட்டது. பூஜ்யத்துக்குக் கீழே கழித்தால் அந்த எந்திரத்தில் எல்லா ஜன்னலிலும் ஒன்பது ஒன்பதாக வந்து நிற்கும், உள்ளே ஒரு மணி அடிக்கும். நான் தொண்ணூற்றொன்பதைப் பிரெஞ்சில் 'நாலு இருபது, பத்தொன்பது' என்று சொல்லுவேன். மைத்துனர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். "ஒரு எண்ணைச் சொல்றதுக்கே ஒரு பெருக்கலா அத்தான்?"

முதல் நாள் மணி அடித்தபோது என் மனைவி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஏங்க, அது அடிக்கையில கும்பிடணுமா?"

"அக்கா, அது பத்தலைன்னு அடிக்குது" என்றார் அவர்.

"கோயில்லயும் அதுக்குத்தானே அடிக்கிறோம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

என்ன கணக்கு என்று கேட்டேன். ஹைட்ரஜன் என்று ஓர் அணு. அதற்குள் எலெக்ட்ரான் என்று ஒரே ஒரு துகள். வெளியிலிருந்து இன்னொரு எலெக்ட்ரானை அதன்மேல் விட்டால், மோதி எந்தப் பக்கம் எவ்வளவு விலகும் என்பதுதான் கணக்கு. இதுவரைக்கும் எனக்கும் விளங்கியது. அதற்கப்புறம் சொன்னதில்தான் குழப்பம் ஆரம்பித்தது.

"உள்ள இருந்ததும் எலெக்ட்ரான், நாம விட்டதும் எலெக்ட்ரான். மோதினப்புறம் ஒண்ணு வெளிய வருது. வந்தது எதுன்னு சொல்ல முடியாதுங்க அத்தான்."

நான் விடவில்லை. மாங்கனித் திருவிழா முடிந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. தம்பிக்கு உடம்பு தேற வேண்டும் என்று என் மனைவி வேண்டிக்கொண்டு, சாமி வீதிவலம் வரும்போது மாடியிலிருந்து மாம்பழம் எறிந்தாள். கீழே கூட்டத்தில் ஆயிரம் கை. நாங்கள் எறிந்த பழம் யார் மடியில் விழுந்ததோ, யார் எறிந்த பழம் எங்கள் கூடத்தில் வந்து விழுந்ததோ. அப்படியா என்று கேட்டேன். அவர் தலையை ஆட்டினார். பழத்தில் சுண்ணாம்பால் ஒரு பொட்டு வைத்து எறிந்தால் கண்டுபிடித்துவிடலாம். இதில் பொட்டு வைக்க இடமே இல்லை. நமக்குத் தெரியாமல் இருக்கிறது என்பதல்ல, தெரிந்துகொள்ள அங்கே ஒன்றும் கிடையாது.

"பகவானுக்குமா தெரியாது, மாப்ள?"

மோட்டுவளையைப் பார்த்தபடியே சொன்னார்: "அவருக்குத் தெரியுமான்னு எனக்குத் தெரியாதுங்க. கணக்கு அதைக் கேக்கல."

அன்றைக்குச் சாயங்காலம் கோயிலில் நிற்கும்போது எனக்கு மனசு நிலைகொள்ளவில்லை. பெயர் சொல்லி, நட்சத்திரம் சொல்லி அர்ச்சனை செய்கிறோம். அந்த இரண்டு எலெக்ட்ரானுக்கும் நட்சத்திரம் கிடையாதே என்று ஏதோ தோன்றியது. இன்றைக்கும் அது எனக்குச் சரியாக விளங்கவில்லை.

எது வந்தது என்று தெரியாததால் கணக்கை இரண்டு விதமாகப் போட வேண்டுமாம். 'இருந்தது வந்தது' என்பதை 'விட்டது வந்தது' என்பதோடு ஒரு முறை கூட்டி, ஒரு முறை கழித்து. முடிவில் கழித்தல் கணக்குக்கு மூன்று பங்கு, கூட்டல் கணக்குக்கு ஒரு பங்கு. ஏன் மூன்று என்று கேட்டேன். சொன்னார். எனக்கு ஏறவில்லை என்பதைத் தவிர அதில் எழுத ஒன்றுமில்லை.

போடுகிற முறையும் விசித்திரம். விடையை முதலில் நாமே ஓர் உத்தேசமாக வைத்துக்கொள்ள வேண்டும். அதை வைத்து அணுவின் நடுவிலிருந்து வெளியே வரைக்கும் அடி அடியாக நூற்றுச் சொச்சம் வரி போட்டு, எல்லாவற்றையும் கூட்டினால் ஒரு தொகை. அந்தத் தொகையிலிருந்து புது விடை. புது விடையைத் திரும்ப ஆரம்பத்தில் போட்டு மறுபடியும் நூறு வரி. போட்டதும் வந்ததும் எப்போது ஒன்றாக இருக்கிறதோ அப்போது கணக்கு அடங்கியது. ஒரு சுற்றுக்கு எங்களுக்கு நாலைந்து நாள் பிடிக்கும். தெரியாத விடையை வைத்துக்கொண்டு எப்படி ஆரம்பிப்பது என்று கேட்டால், ஆரம்பம் எப்படியிருந்தாலும் சுற்றுச் சுற்றாகப் போகும்போது அதுவே சரியாகிவிடும் என்பார். இந்தப் பேச்சைத்தான் பின்னால் நான் எனக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டேன்.

ஒவ்வொரு சுற்றின் கடைசித் தொகையையும் மேலிருந்து கீழாக ஒரு முறை, கீழிருந்து மேலாக ஒரு முறை கூட்ட வேண்டும் என்றார். அது எங்கள் வயல் வழக்கம்தானே. நானே ஓரத்தில் சரிக்குறி போட ஆரம்பித்தேன். அவர் என் குறியைப் பார்த்தால் அதற்குமேல் சரிபார்க்க மாட்டார். "அத்தான் குறி போட்டா அது கல்லு" என்று அக்காளிடம் சொன்னாராம்.

கழித்தல் கணக்கு ஆவணிக் கடைசிக்குள் அடங்கிவிட்டது. கூட்டல் கணக்குதான் அடங்கவில்லை. ஒன்றரைக்குப் பக்கத்தில் போட்டால் இரண்டுக்குமேல் வரும். அதைப் போட்டால் ஒன்றரைக்கும் கீழே போகும். அதைப் போட்டால் இரண்டேகாலைத் தாண்டும். ஊஞ்சலை யாரோ தள்ளிவிடுவது போல ஒவ்வொரு சுற்றுக்கும் ஆட்டம் பெரிசாகிக்கொண்டே போனது.

அப்போது சரஸ்வதி பூஜை வந்தது. எழுதுகிற, உழைக்கிற சாமான்களை எல்லாம் பூஜையில் வைத்துவிட்டு அன்று தொடாமல் இருப்பது வழக்கம். காகிதக் கட்டுகளை அடுக்கி, அதன்மேல் எந்திரத்தை வைத்து, துணியால் துடைத்து, என் கையால்தான் சந்தனம் வைத்தேன். மூன்று இடத்தில், தாராளமாக. பன்னீர் விட்டுக் குழைத்த சந்தனம். அது மேல்மூடியின் இடுக்கு வழியாக உள்ளே இறங்கும் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

மறுநாள் விஜயதசமி. எடுத்த காரியத்தை அன்றைக்கு ஒரு கை தொட வேண்டும். கூட்டல் கணக்கில் ஐந்தாவது சுற்றின் வரிகளெல்லாம் தயாராக இருந்தன, தொகை மட்டும் பாக்கி. நல்ல நாளில் முடித்துவிடுவோம் என்று உட்கார்ந்தேன். மேலிருந்து கீழாக ஒரு முறை கூட்டி எழுதிக்கொண்டேன். அதற்குள் என் மனைவி பட்டுப் புடவையில் வந்து நின்றாள். தம்பிக்காக அம்பகரத்தூர் அம்மனுக்கு நேர்ந்துகொண்டது, அன்றைக்கே செலுத்த வேண்டும், மூன்று மணி பஸ் போய்விட்டால் அப்புறம் சாயங்காலம்தான்.

"வந்து கூட்டிக்கிடலாம்ங்க. அந்த மிஷினு எங்க போயிடப் போவுது?"

மைத்துனர் தூங்கிக்கொண்டிருந்தார். கீழிருந்து மேலாகக் கூட்ட அரை மணி நேரம் ஆகும். நான் பென்சிலை எடுத்து, ஓரத்தில் சரிக்குறியைப் போட்டுவிட்டு எழுந்தேன். வந்து கூட்டிக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன். பஸ்ஸிலும் அதே நினைப்பு. அம்மன் சந்நிதியில் கண்ணை மூடினால் அந்தக் குறி தெரிந்தது. திரும்பி வந்து பார்த்தால் அவர் விழித்துக்கொண்டு, என் குறியைப் பார்த்து அடுத்த சுற்றையே ஆரம்பித்திருந்தார்.

நான் சொல்லவில்லை.

ஆறாவது சுற்றின் தொகையைக் கூட்டும்போது மேலிருந்து வந்ததும் கீழிருந்து வந்ததும் ஒத்துப்போகவில்லை. மூன்றாம் முறை கூட்டினால் மூன்றாவதாக ஒன்று வந்தது. மைத்துனர் கொல்லைப்பக்கம் போயிருந்தபோது மூடியைக் கழற்றிப் பார்த்தேன். ஒரு பல்சக்கரத்தின் ஓரத்தில் சந்தனம் காய்ந்து கட்டிப்பிடித்திருந்தது. அந்த இடத்தில் ஒன்பது தாண்டி பத்து ஆகும்போது பக்கத்து ஜன்னலுக்கு ஒன்று போக வேண்டும். சில சமயம் போகும், சில சமயம் போகாது. மண்ணெண்ணெயும் கோழி இறகும் கொண்டு துடைத்து, ஆறாவதைச் சரியாகக் கூட்டி, உண்மையாகவே குறி போட்டேன். ஐந்தாவதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. ஆரம்பம் எப்படியிருந்தாலும் சுற்று அதைச் சரியாக்கிவிடும் என்று அவரே சொல்லியிருக்கிறாரே என்று மனசுக்குச் சமாதானம் சொன்னேன்.

ஆனால் நடந்தது வேறு. ஐந்தாவது தாளில் விடை இரண்டுக்குச் சற்றுக் கீழே வந்திருந்தது. ஆறாவதிலும் ஏறக்குறைய அதேதான். ஆட்டம் திடீரென்று நின்றுவிட்டது. மைத்துனர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, ஒரு மாதத்துக்குப் பிறகு உப்புப் போட்ட சோறு கேட்டார். ஏழாவதில் கொஞ்சம் விலகியது. எட்டாவதில் அதைவிட. ஒன்பதாவதில் பழைய ஊஞ்சல் ஆட்டம் திரும்பிவிட்டது.

அவருக்கு விளங்கவில்லை. ஒழுங்காகப் பெருகிவந்த ஆட்டம் நடுவில் ஏன் அடங்க வேண்டும், அடங்கியது ஏன் மறுபடி கிளம்ப வேண்டும்? தாளில் எல்லா இடத்திலும் என் குறி இருக்கிறது. அப்படியானால் கூட்டலில் தப்பில்லை. தப்பு தன்னுடைய சமன்பாட்டில்தான் என்று முடிவுகட்டிக்கொண்டார். பதினைந்து நாள் அதைத் தலைகீழாகப் புரட்டினார். சாப்பாடு இறங்கவில்லை, கண்ணில் மறுபடி மஞ்சள் தட்டியது. நான் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். சொல்ல வேண்டும் என்று காலையில் நினைப்பேன். அவர் முகத்தைப் பார்த்ததும், இப்போது சொன்னால் இன்னும் உடைந்துபோவார் என்று தோன்றும்.

கார்த்திகை பிறந்து நாலைந்து நாள். ஆபீசுக்குக் கிளம்பும்போது ஒட்டின கடிதம் ஒன்றை என்னிடம் நீட்டினார். பேராசிரியருக்கு. எந்திரத்தைத் திருப்பி அனுப்பிவிடுவதாகவும், தனக்கு இந்த வேலை வராது, வேறு ஆளைப் போட்டுக்கொள்ளுங்கள் என்றும் எழுதியிருப்பதாகச் சொன்னார். என் மனைவி அன்று பாயசம் வைக்கப் பருப்பு ஊறப்போட்டிருந்தாள். மாயவரம் வேலைக்கு அவர் சம்மதித்துவிட்டாராம்.

சைக்கிளில் தபாலாபீஸ் வரைக்கும் போனேன். பெட்டியின் வாயில் கடிதத்தைப் பாதி நுழைத்தவன் அப்படியே நின்றேன். பின்னால் நின்றவர், "உள்ள விடுங்க, கடிச்சிடாது" என்றார். நான் கடிதத்தை வெளியே இழுத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். ஆபீசுக்கு அன்று போகவில்லை.

மைத்துனர் எதிரில் உட்கார்ந்து, சந்தனம் வைத்தது, மூடியைக் கழற்றியது, எல்லாம் சொன்னேன். குறியைக் கடைசியில்தான் சொன்னேன்.

"ரெண்டாந்தரம் கூட்டவே இல்ல மாப்ள. குறிய மட்டும் போட்டேன். பஸ்ஸுக்கு நேரமாயிட்டுது."

அவர் சத்தம் போடவில்லை. "பதினஞ்சு நாளா நான் என்னையே சந்தேகப்பட்டுக்கிட்டு இருந்தேனே அத்தான். நீங்க பக்கத்துலயேதானே இருந்தீங்க" என்றார். அவ்வளவுதான். அதற்கு அவர் என்னை அடித்திருக்கலாம்.

பிறகு ஐந்தாவது தாளை எடுத்து, தானே கீழிருந்து மேலாகக் கூட்டினார். சரியான தொகையைப் பழைய தொகைக்குப் பக்கத்தில் எழுதினார். சரியாகக் கூட்டியிருந்தால் ஆட்டம் இன்னும் பெரிசாகத்தான் போயிருக்கும். சந்தனம் தின்றது போக வந்த தொகை கொடுத்த விடையோ, போட்ட விடைக்கும் வந்திருக்க வேண்டிய விடைக்கும் ஏறக்குறைய நட்டநடுவில் விழுந்திருந்தது. அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தவர், தலையை நிமிர்த்தாமல் கேட்டார்:

"எவ்வளவு சந்தனம் வச்சீங்க?"

பொட்டு அளவு என்றேன். "பாதி வச்சிருக்கீங்க" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் முழுசாகத் தாவுவதால்தான் ஆட்டம் பெருகுகிறது. வந்த விடையை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், போட்டதற்கும் வந்ததற்கும் நடுவில் நின்று அடுத்த சுற்றை ஆரம்பித்தால் அடங்கிவிடும் என்று விளக்கினார். சமன்பாட்டில் தப்பில்லை. அப்போதும் அவர் சிரிக்கவில்லை.

உடனே ஆரம்பிக்கவுமில்லை. முதலில் ஆனியிலிருந்து நான் குறி போட்ட தாள்கள் அத்தனையையும் வெளியே எடுத்தார். ஒவ்வொன்றையும் தன் கையால் மறுபடி கூட்டினார். நான்கு நாள். கைப்பிடியை என்னிடம் கொடுக்கவில்லை. ஒரு தாளிலும் தப்பு இல்லை. கடைசித் தாளை வைத்துவிட்டு, "சுத்துங்க அத்தான்" என்று எந்திரத்தை என் பக்கம் தள்ளினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மூன்று சுற்றில் கூட்டல் கணக்கு அடங்கியது. பெரிய தீபத்துக்கு ஏற்றிய அகல்கள் அணைவதற்குள் இரண்டு கணக்கையும் சுத்தப் பிரதி எடுத்துக் கொடுத்தேன். பழைய கடிதத்தை அக்காளிடம் கொடுத்து அடுப்பில் போடச் சொன்னார். அவள் அதைப் போட்டுவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள், புகை என்று சொல்லி. அவர் பட்டணம் போனார். இடம் நிலைத்தது.

இதற்கப்புறம்தான் எனக்கு நிம்மதி போனது. என் மனைவி பூக்காரம்மாவிடம் ஏதோ சொல்லியிருக்கிறாள். தை பிறப்பதற்குள் ஊரில் கதை வேறாகிவிட்டது. சரஸ்வதி எந்திரத்துக்குள் இறங்கி விடையைச் சொன்னாளாம். கைப்பிடி தானாகச் சுற்றியதாம். யாரோ தங்கள் மகனின் பரீட்சை எண்ணைக் கொண்டுவந்து, அந்த மிஷின் இருந்த இடத்தில் வைத்துத் தர முடியுமா என்று கேட்டார்கள். அந்தக் கதையில் சந்தனம் இருந்தது, சரிக்குறி இல்லை.

பல வருஷம் கழித்து வந்திருந்தபோது மைத்துனரிடம் கேட்டேன், அது அருளா என்று. நடுவில் நிற்கிற அந்த உபாயம் வேறு இடங்களில் கணக்குப் போடுகிறவர்களுக்கு முன்பே தெரிந்ததுதான் என்றார். தனக்குச் சொல்லத்தான் அப்போது ஆளில்லையாம். "அப்ப எனக்குச் சொன்னது யாரு?" என்று தனக்குத்தானே கேட்டுவிட்டு, பேச்சை மாற்றிவிட்டார்.

நான் யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். அன்றைக்கு ஒழுங்காக இரண்டாம் முறை கூட்டியிருந்தால் தப்பு தெரிந்திருக்கும். அந்தத் தாள் திருத்தப்பட்டிருக்கும். நடு என்பது அவர் கண்ணில் பட்டிருக்காது. நான் செய்தது பொய். அந்தப் பொய்யை அம்மன் எடுத்துக்கொண்டாளா, மன்னித்தாளா, பார்க்கவேயில்லையா? நன்மை எதிலிருந்து வந்தது, சந்தனத்திலிருந்தா, பொய்யிலிருந்தா, சொன்னதிலிருந்தா? உள்ளே போனது எது, வெளியே வந்தது எது என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. தினமும் விளக்கேற்றும்போது கேட்கிறேன். பதில் வந்தால் இதோடு சேர்த்து எழுதியிருப்பேன்.

வாசித்தவர்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான். யாருக்காவது இதைச் சொல்ல நேர்ந்தால் உள்ளது உள்ளபடி சொல்லுங்கள். கைப்பிடியைத் தானாகச் சுற்ற விடாதீர்கள். அதைச் சுற்றியது நான். அம்மனைச் சேர்க்கவும் வேண்டாம், நீக்கவும் வேண்டாம். சந்தனத்தைச் சொல்கிறபோது அந்தச் சரிக்குறியையும் மறக்காமல் சொல்லிவிடுங்கள்.